நாயும் உண்ணியும்

உண்பது எதுவோ அஃது உண்ணி. நம் முன்னோர் ஒரு சிற்றுயிர்க்கு இப்பெயரை இட்டபொழுது அதன் இயல்பு முழுவதையும் ஒரு சொல்லில் அடக்கிவிட்டனர். பிற உயிரின் இரத்தமன்றி அதற்கு வேறு உணவில்லை. இலத்தீன் மொழியில் உண்ணிக்கு 'ரிசினஸ்' என்று பெயர். உண்டு பருத்த உண்ணியின் வடிவம் ஆமணக்கு விதையின் வடிவை ஒத்திருத்தலின் அப்பெயரே ஆமணக்கிற்கும் ஆயிற்று. தாவர நூலார் இன்றும் ஆமணக்கை அப்பெயராலேயே வழங்குகின்றனர். மேயும் மாட்டின் பின்னே திரியும் வெண்கொக்கினை நம் நாட்டார் உண்ணிக்கொக்கு என்பர். செடிக்கும் பறவைக்கும் பெயர் உதவிய இதனைப் பலரும் பூச்சியென்றே கருதுகின்றனர். பூச்சிக்குக் கால்கள் ஆறு. வளர்ந்த உண்ணிக்கோ எட்டு. சிலந்தியும் தேளுமே இதற்குச் சுற்றம்.

நிற்க. யான் இங்கே எழுதப் புகுந்தது சொல்லாராய்ச்சி அன்று. சென்ற கோடை விடுமுறையில் எங்கள் வீட்டு நாயை உண்ணிகளிடமிருந்து மீட்பதற்கு இரண்டு மாத காலம் நாங்கள் பட்ட பாட்டையும், அதனால் அறிந்துகொண்ட சில செய்திகளையும், நாய் வளர்க்கும் அன்பர்க்குப் பயன்படலாம் என்னும் எண்ணத்தால் எழுதுகின்றேன்.

எங்கள் ஊர் கரிசற் காட்டு ஊர். வீடு பாட்டனார் காலத்தது, கல்லும் சுண்ணாம்புக் காரையும் கொண்டு எழுப்பியது, மேலே ஓடு. எங்கள் நாய் சிப்பிப்பாறை இனத்தது. நீண்ட முகமும், ஒட்டிய வயிறும், ஈர்க்குப் போன்ற கால்களும், செம்மண் நிறமும் உடையது. ஆதலின் செவலை என்றே அழைப்போம். இவ்வினத்தை முன்னாளில் முயல் வேட்டைக்கென வளர்த்தனர். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்திற்குப் பின் அத்தொழில் குற்றமாயிற்று. எங்கள் செவலை பிறந்தது முதல் ஒரு முயலையும் கண்டதில்லை. அதன் வேட்டையெல்லாம் அன்னையார் அடுப்பங்கரையிலிருந்து வெளிவரும் நேரத்தைக் கணித்தலோடு முடிந்துவிடும். தந்தையார் அதனைத் தொட்டுக் கொஞ்சி யான் கண்டதில்லை, ஆனால் இரவில் கதவடைக்கு முன், "அது உள்ளே வந்துவிட்டதா?" என்று கேளாமல் அவர் படுத்ததும் இல்லை.

சித்திரை மாதத்தில் யான் ஊர் சென்றபொழுது செவலை என்மேற் பாய்ந்து வரவேற்றது. அதன் காதைத் தடவிய என் விரலில் பயறு போல ஏதோ தட்டுப்பட்டது. காதை மடித்துப் பார்த்தேன். மடலின் உட்புறத்தில் பழுப்பு நிறத்தனவும் சாம்பல் நிறத்தனவுமாகப் பல உண்ணிகள் பதிந்திருந்தன. குட்டை மயிர் நாயாதலின் மற்றவற்றைக் காண்பதும் அரிதாயில்லை. விரலிடுக்குகள், கழுத்துப் பட்டையின் அடி, அக்குள், தொடையிடுக்கு, வாலின் அடிப்புறம் ஆகிய இடங்களையே அவை தேர்ந்திருந்தன. நாயின் வாயும் நகமும் எளிதில் எட்டாத மூலைகளையும், தோல் மெல்லியதாய் உள்ள இடங்களையும் அவை நன்கு அறியும்.

உண்ணி கடித்தல் கொசு கடித்தல் போன்றதன்று. கொசு வந்து குத்திக் குடித்துச் சில நொடியிற் போய்விடும். உண்ணியோ குடியேறும். அதன் வாயில் பின்னோக்கிய முட்களையுடைய ஓர் உறுப்பு உண்டு. அதனைத் தோலில் இறக்கியபின் பசை போன்ற ஒரு பொருளைச் சுரந்து தன்னைத் தானே அங்கே பூசிக்கொள்ளும். அதன் உமிழ்நீர் வலி தெரியாமற் செய்யும். இரத்தம் உறையாமலும் காக்கும். பெண்ணுண்ணி ஒரு வாரமோ அதற்கு மேலுமோ இவ்வாறு ஒரே இடத்தில் இருந்து குடித்துப் பன்மடங்கு பருத்துத் தானே கழன்று விழும்.

இதற்கு எங்கள் ஊரில் வழங்கும் வைத்தியங்கள் பல. ஊதுவத்தியின் கங்கால் சுடுவோர் உளர். மண்ணெண்ணெய் தடவுவோர் உளர். புகையிலைச் சாறு பூசுவோரும் உளர். அண்டை வீட்டு மாமா மாட்டுக்குத் தெளிக்கும் மருந்துப் புட்டியையே எடுத்து வந்து, "தம்பி, ஒரு மூடி போதும், எல்லாம் உதிர்ந்துவிடும்" என்றார். அவர் அன்பினாற் சொன்னார் என்பதில் ஐயமில்லை. ஆயினும் மாட்டிற்கு அளந்த மருந்து நாய்க்கு அளந்ததன்று. நாய் தன் உடம்பை நக்கும் பிராணி. மண்ணெண்ணெய் தோலைப் புண்ணாக்கும். நக்கினால் வயிற்றையும் கெடுக்கும். சூட்டினாலும் எண்ணெயினாலும் உண்ணியைத் துன்புறுத்தினால் அது தன் உமிழ்நீரையும், வயிற்றில் உள்ளதையும் புண்ணுக்குள்ளேயே கக்கிவிடக்கூடும். நோய்க்கிருமி இருப்பின் அதுவும் உடன் இறங்கும். நகத்தால் நசுக்குதலும் தகாது. அதனுள் இருப்பது நம் விரலில் உள்ள கீறல் வழியாகவும் புகலாம்.

எங்கள் வீட்டில் பாட்டனாரின் முள்வாங்கி ஒன்று உண்டு. காட்டு வேலை செய்வோர் இடுப்பில் தொங்கவிட்டிருப்பார்களே, அது. அதன் நுனி மெல்லியது, பிடி உறுதியானது. உண்ணியை வயிற்றில் பிடியாமல், தோலை ஒட்டி அதன் வாய்ப்புறத்தைப் பற்றி, திருகாமலும் வெட்டி இழுக்காமலும் ஒரே சீராக மேல்நோக்கி இழுத்தால் அது முழுமையாக வந்துவிடும். பிடுங்கியதைச் சாராயச் சத்து உள்ள புட்டியில் இட்டு மூடிவிட வேண்டும். தரையில் எறிந்தால் அது இறந்துவிடாது, நடந்து போய்விடும். கடிவாயைச் சவர்க்காரமும் நீரும் கொண்டு கழுவினால் போதும். மாலைதோறும் யான் திண்ணையில் இருந்து இவ்வேலையைச் செய்தேன். செவலை என் முழங்காலில் தலையை வைத்துக்கொண்டு, கோயில் மணியக்காரர் கணக்குப் பார்ப்பதைப் போன்ற பொறுமையுடன் படுத்திருக்கும்.

முதல் நாள் 43. மறுநாள் 38. மூன்றாம் நாள் 41. ஒரு வாரம் சென்றபின்னும் எண்ணிக்கை இருபதுக்குக் கீழே இறங்கவில்லை. பிடுங்கப் பிடுங்க எங்கிருந்து வருகின்றன என்பது விளங்கவில்லை. நாயோ பெரும்பாலும் வீட்டைவிட்டு அகலுவதில்லை.

விடையைக் கண்டவர் தந்தையார். ஒரு நாள் இரவு மின்சாரம் நின்றுவிட, கைவிளக்கை எடுத்துக்கொண்டு நடைபாதையில் சென்றவர், "இங்கே வா" என்று என்னை அழைத்தார். செவலை படுக்கும் சாக்கிற்கு மேலே, சுவரில், பழுப்பு நிறப் புள்ளிகள் மெல்ல மேல்நோக்கி ஏறிக்கொண்டிருந்தன. விளக்கை உயர்த்தினார். உத்தரத்திற்கும் சுவருக்கும் இடையிலுள்ள வெடிப்பில், கடுகை அள்ளிக் கொட்டியதுபோல் அவை செறிந்திருந்தன. தந்தையார் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பின்னர், "ஆனியில் உன் அக்கா வருகிறாள். குழந்தை தவழப்போகும் வீடு இது. அதற்குள் நாயைத் தோட்டத்தில் கொண்டுபோய்க் கட்டிவிடுவோம்" என்றார்.

என் தமக்கையார் தம் கைக்குழந்தையுடன் ஆனி மாதம் வந்து எங்களுடன் தங்குவதாக இருந்தது. தந்தையார் சொன்னதில் குற்றம் காண இயலாது. நாயுண்ணி மனிதரையும் கடிப்பதுண்டு. இந்திய உண்ணிச் சுரம் என்று மருத்துவர் கூறும் சுரத்தைப் பரப்புவனவற்றுள் இதுவும் ஒன்று. ஆயினும் தோட்டத்தில் இருப்பது ஒரு நீரிறைக்கும் பொறியும், அதற்கு ஒரு கொட்டகையும், இரவில் மட்டும் வரும் காவலாளும். அங்கே செவலையின் காதை மடித்துப் பார்ப்பவர் ஒருவரும் இலர். அன்னையார் அன்றிரவு ஒன்றும் பேசாமற் படுத்துவிட்டார்கள். அவர்கள் பேசாமை எங்கள் வீட்டில் பெரும் பேச்சு.

மறுநாட் காலையில் யான் செவலையை அருகிலுள்ள நகரத்துக் கால்நடை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றேன். அங்கிருந்த மருத்துவர் முதியவர். யான் கூறியவற்றை யெல்லாம் கேட்டபின், "தம்பி, நாயை அனுப்பிவிட்டால் உண்ணியும் அதன் பின்னே போய்விடும் என்றா உங்கள் தந்தையார் நினைக்கிறார்? நாய்மேல் இருப்பது கொஞ்சம். மிச்சமெல்லாம் உங்கள் சுவரில் இருக்கிறது. நாயை எடுத்துவிட்டால் சுவரில் இருப்பது பசியோடு யாரைத் தேடும்?" என்றார்.

அவர் விளக்கியதன் சாரம் இது. நாயுண்ணி தன் வாழ்நாளில் மூன்று முறையே உண்ணும். முட்டையினின்று வெளிவரும் குஞ்சிற்கு ஆறு கால்களே உண்டு. அஃது ஒரு முறை உண்டு கீழே விழும். தோலுரித்து எட்டுக்கால் இளவுண்ணியாகும். அஃது இரண்டாம் முறை உண்டு விழுந்து மீண்டும் தோலுரிக்கும். வளர்ந்த பின் மூன்றாம் முறை. ஒவ்வொரு முறையும் அது நாயின்மேல் இருப்பது சில நாட்களே. எஞ்சிய காலமெல்லாம் வெடிப்பிலும் இடுக்கிலும் கழியும். உண்டு பருத்த பெண் கடைசி முறை விழுந்து, இருண்ட இடுக்கொன்றில் ஆயிரக்கணக்காக, சில வேளை நாலாயிரம் வரையும், முட்டையிட்டு இறக்கும். வெப்பமான நம் நாட்டில் முட்டை முதல் முட்டை வரையுள்ள இச்சுற்று ஏறத்தாழ இரண்டு மாதத்தில் முடிந்துவிடக்கூடும். வேறு உண்ணி வகைகள் புல்லிலும் புதரிலும் காத்திருக்க, இவ்வகை மாத்திரம் வீட்டிற்குள்ளேயே தலைமுறை தலைமுறையாக வாழ வல்லது. மேல்நோக்கி ஏறும் இயல்பினது. உண்ணாமலேயே பல மாதம் உயிர் தரித்திருக்கவும் வல்லது. வளர்ந்தவை ஓராண்டிற்கு மேலும் பொறுத்திருக்கும் என்ப. ஆதலின் யான் திண்ணையில் இருந்து பிடுங்கியது, ஊற்றை அடைக்காமல் நீரை மாத்திரம் இறைத்தது போன்றதே.

மருத்துவர் செவலையை நிறுத்துப் பார்த்தார். "இதற்கு வலிப்பு வந்ததுண்டா? வீட்டில் பூனை உண்டா?" என்று கேட்டார். இக்கேள்விகளின் பொருள் பின்னரே விளங்கியது. அவர் கொடுக்க எண்ணிய புளூரலனர் என்னும் மாத்திரை வலிப்புள்ள நாய்க்குத் தயக்கத்துடனேயே கொடுக்கத் தக்கது. உண்ணிக்கெனத் தெளிக்கும் மருந்துகளுள் பெர்மெத்ரின் என்பது நாய் பொறுக்கும். பூனையோ அதனால் இறக்கவும் கூடும். செவலைக்கு வலிப்பும் இல்லை, எங்கள் வீட்டிற் பூனையும் இல்லை. ஒரு மாத்திரை 12 வாரம் வேலை செய்யும் என்றார். அதன் விலையோ ஓர் ஆளின் பல நாட் கூலி. அது நாயின் இரத்தத்திற் கலந்து நிற்கும். கடித்துக் குடித்த உண்ணி சில மணி நேரத்தில் இறக்கும். "இனிமேல் நாய்தான் உங்களுக்குப் பொறி. சுவரிலிருந்து ஒவ்வொன்றாய் அதன்மேல் ஏறும், செத்து விழும். வீட்டைச் சுத்தம் செய்யும் வேலையில் பாதியை அதுவே செய்துவிடும். அதனைத் தோட்டத்திற்கு அனுப்பாதீர்கள்" என்று கூறி அனுப்பினார்.

தந்தையார் முழுவதையும் கேட்டார். "மாத்திரை என்ன விலை?" என்றார். சொன்னேன். "ஆனி பிறக்கட்டும், பார்ப்போம்" என்றார். மறுநாளே கொத்தனார் வந்துவிட்டார்.

வைகாசியின் முதல் வாரம் முழுவதும் வீடு தலைகீழாயிற்று. உத்தரத்தை ஒட்டிய வெடிப்புகளையும், நிலைக்கும் சுவருக்கும் இடையிலுள்ள சந்துகளையும் சுரண்டி, மருத்துவர் எழுதிக் கொடுத்த மருந்தைக் குறித்த அளவு நீரிற் கலந்து அவ்விடுக்குகளில் மாத்திரம் தெளித்தோம். அது காயும்வரை நாயையும் எங்களையும் திண்ணையிலேயே இருத்தினோம். பின்னர்ச் சந்துகளைச் சிமெந்து கொண்டு அடைத்துச் சுண்ணாம்பு அடித்தோம். செவலையின் சாக்கைக் கொளுத்திவிட்டு, வாரம் ஒரு முறை கொதிநீரில் இடத்தக்க பழைய போர்வை ஒன்றை அதற்கு விரித்தோம். கொல்லையில் பன்னெடுங்காலமாகக் கிடந்த செங்கற் குவியலை அகற்றினோம். அதன் அடியில் உண்ணியோடு இரண்டு தேளும், காணாமற் போன அம்மிக் குழவியும் அகப்பட்டன. இவற்றுள் குழவியைக் கண்டுதான் அன்னையார் பெரிதும் மகிழ்ந்தார்கள்.

மாத்திரை கொடுத்த மூன்றாம் நாள் முதல் எண்ணிக்கை விழத் தொடங்கியது. பிடுங்கும்போதே பல இறந்திருந்தன. இனிக் கவலையில்லை என்று இருந்த வேளையில், ஒரு நாட் காலை செவலை எழவில்லை.

சோற்றைக் கொண்டுபோய் வைத்தும் தலையைத் தூக்கவில்லை. காது கொதித்தது. நண்பகலில் அதன் மூக்கின் ஒரு துவாரத்திலிருந்து இரத்தம் சொட்டி வெள்ளையடித்த சுவரில் தெறித்தது. தந்தையார் வாடகைக்கு வண்டி பிடித்து வந்து, தாமே அதனைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். அவர் வேட்டியெல்லாம் கறையாயிற்று.

மருத்துவர் உதட்டை விலக்கி ஈற்றைப் பார்த்தார்; வெளிறியிருந்தது. அடிவயிற்றில் ஊசி முனையளவு செம்புள்ளிகள் தெரிந்தன. வயிற்றை அழுத்தி மண்ணீரல் வீங்கியிருப்பதைக் கண்டார். ஒரு துளி இரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் இழைத்து நுண்ணோக்கியின் கீழ் வைத்தார். மற்றொரு சிறு குழாயில் எடுத்ததை எண்ணுவதற்கு அனுப்பினார். இரத்தத்தை உறையச் செய்யும் தட்டணுக்கள் மிகக் குறைந்திருந்தன. உண்ணியினால் வரும் எர்லிக்கியா என்னும் கிருமிநோய் என்று அவர் முடிவு செய்தார். உண்ணி கடித்த சில மணி நேரத்திற்குள்ளேயே இக்கிருமி இறங்கிவிடக்கூடும். நோய் வெளிப்படுவதற்கோ ஒன்று முதல் மூன்று வாரம் ஆகும். ஆதலின் மாத்திரைக்கு முன் கடித்தவற்றின் வினை இப்பொழுது தலைகாட்டியது. இந்நிலையில் தானே தேறியதுபோல் காணப்படும் நாய்களும் உண்டு. அவற்றுள் சில, கிருமியைப் பல மாதம் உள்ளேயே சுமந்து, பின்னர் எலும்பின் உள்ளூன் வற்றி மடியும்.

நோய் பழையது, அறிவு பிந்தியது. 1893-இல் அமெரிக்காவில் சிமித், கில்போர்ன் என்னும் இருவர் மாட்டுச் சுரமொன்றை உண்ணி பரப்புகின்றது என்று காட்டினர். கொசுவிற்கும் மலேரியாவிற்கும் உள்ள தொடர்பை ரொனால்டு ராஸ் கண்டது அதற்கு நான்கு ஆண்டு பின்பு. 1905-இல் ஜேம்ஸ் என்பவர் இந்திய நாய்களின் இரத்தத்தில் ஒரு கிருமியைக் கண்டு எழுதினார். அது உண்ணி கடிப்பதனால் அன்றி, நாய் உண்ணியைக் கடித்து விழுங்குவதனால் வருவது. 1910-இல் பாட்டன் என்பவர் சென்னை வேட்டைச் சங்கத்தின் நாய்களின் குருதியில் வேறொரு கிருமியைக் கண்டார். பின்னர் அதனையே காட்டு நரியின் குருதியிலும் கண்டார். இன்று பபீசியா கிப்சோனி என்று உலகெங்கும் வழங்கும் அக்கிருமி முதலில் அறியப்பட்டது நம் சென்னையிலேயாம். செவலையைப் பற்றிய எர்லிக்கியாவை 1935-இல் அல்ஜீரியாவில் கண்டனர். அதனைப் பெரிதாக ஒருவரும் கருதவில்லை. 1960-களின் பிற்பகுதியில் வியட்நாமில் அமெரிக்கப் படையின் நாய்கள் நூற்றுக்கணக்கில் மூக்கில் இரத்தம் ஒழுகி இறந்த பின்னரே உலகம் விழித்துக்கொண்டது.

இவற்றையெல்லாம் யான் பின்னர்ப் படித்தறிந்தேன். அன்று எங்களுக்குத் தெரிந்தது ஒன்றே: டாக்ஸிசைக்ளின் மாத்திரையை 28 நாள், ஒரு வேளையும் தவறாமல், உணவோடு கொடுக்க வேண்டும். நாய் நலமாகிவிட்டது என்று இடையில் நிறுத்தலாகாது. "பாலில் கரைத்துக் கொடுக்காதீர்கள், பாலிலுள்ள சுண்ணாம்புச் சத்து மருந்தைக் கட்டிப்போடும்" என்றும் மருத்துவர் எச்சரித்தார். எங்கள் வீட்டில் மருந்தென்றால் பாலோடுதான். அன்னையார் ஒரு கணம் திகைத்தார்கள். பிறகு இட்டிலியைப் பிட்டு அதனுள் மாத்திரையைப் புதைத்துக் கறிக் குழம்பில் தோய்த்துக் கொடுத்தார்கள். முதல் இரண்டு நாள் அதனையும் வாயைத் திறந்து உள்ளே தள்ள வேண்டியிருந்தது. பின்னே சிறிது நீரும் புகட்டுவோம், மாத்திரை தொண்டையில் தங்கிப் புண்ணாக்காமைப் பொருட்டு. அவ்விரண்டு இரவும் தந்தையார் நடைபாதையிலேயே பாய் விரித்துப் படுத்தார். "அறையில் புழுக்கம்" என்று காரணம் கூறினார்.

மூன்றாம் நாள் விடியற்காலையில், அன்னையார் அடுப்பங்கரைக் கதவைத் திறந்த ஓசைக்குச் செவலை காதை நிமிர்த்தியது. மாலையில் தானாக எழுந்து, நான்கு காலும் நடுங்க, கொல்லை வரை சென்று திரும்பியது. ஐந்தாம் நாள் இட்டிலியைத் தின்று மாத்திரையை மட்டும் துப்பியது. அதற்கு உடம்பு தேறிவிட்டது என்பதற்கு அதனினும் சான்று வேண்டுவதில்லை. இருபத்தெட்டாம் நாளுக்குப் பின் மீண்டும் இரத்தம் எடுத்து எண்ணினர், தட்டணுக்கள் மிகுந்திருந்தன.

ஆனி பிறந்தது. தமக்கையார் வந்தார்கள். அதற்கு முந்திய வாரத்தில் யான் பிடுங்கிய உண்ணிகள் மொத்தம் 4; நான்கும் இறந்தவை. தந்தையார் கைவிளக்குடன் எல்லாச் சுவரையும் உத்தரத்தையும் தாமே பார்த்து வந்து, தோட்டத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. குழந்தையை மட்டும் நாயருகே விடாமல், கட்டிலின் மேலேயே வைத்துக்கொள்ளச் சொன்னார். அதற்குச் செவலை கட்டிலின் அடியில் படுக்கத் தொடங்கியது.

விடுமுறை முடிந்து யான் கல்லூரிக்குத் திரும்பினேன். சுவரில் எஞ்சியவை உண்ணாமல் பல மாதம் இருக்கக்கூடுமாதலின் ஓராண்டேனும் மாத்திரையை விடலாகாது என்பது மருத்துவர் சொல். முள்வாங்கி இப்பொழுது தந்தையாரின் மூக்குக்கண்ணாடிக் கூட்டில் இருக்கிறதாம். மாலையில் திண்ணையில் அமர்ந்து காதை மடித்துப் பார்க்கிறாராம். ஆடியில் கொடுக்கவேண்டியதைத் தவறாமற் கொடுத்துவிட்டு, அடுத்த மாத்திரைக்குரிய நாளை நாட்காட்டியில் சிவப்பு மையால் வட்டமிட்டு வைத்திருக்கிறார் என்று தமக்கையார் எழுதியிருக்கிறார்கள்.